நாலாவது வாசலின் சங்கிலி

என் தங்கை மகளுக்கு வீட்டில் சிடுக்கு என்று பெயர். சின்ன வயதில் செருப்பு வார், ஜன்னல் கயிறு, அப்பாவின் தூண்டில் நூல் என்று எது கையில் கிடைத்தாலும் முடிச்சுப் போட்டுவிட்டு, அடுத்தவர் அவிழ்ப்பதைக் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். யாராலும் அவிழ்க்க முடியாவிட்டால் அழுவாள். ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிட்டாலும் அழுவாள். இப்போது வயது முப்பத்து நாலு. அதே வேலைக்குச் சம்பளம் வாங்குகிறாள்.

கணினி விளையாட்டுக் கம்பெனி ஒன்றில் ரெய்டு அமைப்பது அவள் வேலை. வருமான வரிக்காரர்கள் வருகிற ரெய்டு இல்லை. எங்கெங்கோ இருக்கிற எட்டுப் பேர் இணையத்தில் ஓர் அணியாகக் கூடி, ஒரு கோட்டைக்குள் நுழைந்து, வாசல் வாசலாகச் சண்டை போட்டு, கடைசியில் பெரிய மிருகம் ஒன்றை அடக்க வேண்டும். எவ்வளவு கஷ்டம் இருக்கலாம், ஜெயித்தால் என்ன கிடைக்கும், யார் யாரால் விளையாட முடியும், மூன்றையும் அவள்தான் பார்க்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் ஆடும். வேலை நடப்பது என் வீட்டு மாடி அறையில். இரண்டு திரை, ஒரு மின்விசிறி, ஆறிப்போன காபி மூன்று டம்ளர்.

இரண்டு வருடம் உழைத்து ஒரு கோட்டை கட்டினாள். நாலு வாசல். முதல் மூன்றில் ஒவ்வொன்றுக்கும் கவசத்தில் ஒரு துண்டு கிடைக்கும்; பாதியில் திரும்புகிறவர் வெறும் கையோடு போகக் கூடாது என்பது அவள் கட்சி. நாலாவதில் இரும்புக் காளை. அதை அடக்கினால் சிவப்பு மேலங்கி. அதைப் போட்டுக்கொண்டு அந்த விளையாட்டின் சந்தைத் தெருவில் நடந்தால் மற்ற ஆட்டக்காரர்கள் நின்று பார்ப்பார்கள்.

கோட்டை திறந்து மூன்று வாரத்தில், நூறு அணி போனால் ஆறு அணிதான் காளையை அடக்கியது. மேலாளர் போன் செய்தார்.

"ஆளுங்க கடுப்புல இருக்காங்கம்மா. வர்ற சனிக்கிழமை ஆறு மணிக்குள்ள, அன்னிக்குக் கணக்குல நூத்துக்குப் பத்து அணியாவது ஜெயிக்கணும். இல்லைன்னா திங்கட்கிழமை பக்கத்துல ஒரு சுலப வாசல் திறந்துடுவோம். அதுக்குச் சாம்பல் கலர் மேலங்கி."

"சார், சாம்பல் கலர் போட்டுக்கிட்டு நடந்தா, 'இவரால முடியல'ன்னு நெத்தியில எழுதி ஒட்டின மாதிரி இருக்கும்."

"அப்ப பத்து கொண்டு வாங்க."

போனை வைத்தவள் என் பக்கம் திரும்பினாள். "எல்லாருக்கும் ஒரே வாசல், பெரியம்மா. அதுக்குத்தான் ரெண்டு வருஷமா மாரடிச்சேன்."

"சாப்பிட்டுட்டு வந்து மாரடி" என்றேன்.

காளையின் உடம்பில் எட்டுச் சங்கிலி தொங்கும். எட்டுப் பேரும் ஆளுக்கொன்றை ஐந்து நொடி பிடித்து நிறுத்தினால் அது அடங்கும். மேலேயிருந்து கல் விழும். அதற்கும் விலகி ஓட வேண்டும். ஒருவர் விட்டாலும் காளை திமிறிக்கொண்டு எல்லாரையும் உதைக்கும். ஆட்டக்காரருக்கு உயிர் நூறு, உதையும் நூறு. ஒரே உதையில் கதை முடிந்தது.

அணிகள் எதனால் சாகின்றன என்று கம்பெனியின் கணினி பட்டியல் போடும். பட்டியல் முழுக்க ஒரே வார்த்தை: உதை. அதனால் சிடுக்கு உதையைக் குறைத்தாள். எண்பது, அறுபது, கடைசியில் நாற்பத்தைந்து. முதல் உதையில் சாகாதவர்கள் மூன்றாவது உதையில் செத்தார்கள். ஏற்கெனவே ஜெயித்துக்கொண்டிருந்த கெட்டிக்காரர்களோ, சங்கிலியைத் தொடாமலே உதையை வாங்கிக்கொண்டு வாளை வீசி முடித்துவிட்டு, "காளையா இது, கன்னுக்குட்டி" என்று எழுதினார்கள். இரண்டு பக்கமும் வசவு.

புதன்கிழமை ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் லேத் பட்டறைத் தொழிலாளி. வலது கையில் இரண்டு விரல் பட்டறையோடு போயிற்று. விளையாட்டில் தனக்கு மூணுவிரல் என்று தானே பெயர் வைத்துக்கொண்டவர். "உதையைக் குறைச்சதுக்கு நன்றி. இருபத்தேழாவது தடவையும் செத்தோம். சங்கிலியை விடுறது ஒவ்வொரு தடவையும் நான்தான். பசங்க என்னைப் போகச் சொல்லல. நானே விலகிடலாம்னு இருக்கேன்."

சிடுக்கு உடனே அவரை அழைத்தாள். "அண்ணே, விலகுறதுக்கு முன்னாடி ஒரு ஆட்டம் ஆடுங்க. திரையைக் காட்ட வேணாம். போனை நிமிர்த்தி வெச்சு உங்க கையைக் காட்டுங்க."

"என் கையில பார்க்க என்ன மேடம் இருக்கு? இருக்கிறதே மூணு."

அதுவரை அவள் யார் கையையும் பார்த்ததில்லை. அந்தத் தொழிலில் எல்லாரும் திரையைத்தான் பார்ப்பார்களாம். எனக்கோ நாற்பது வருடம் ஆஸ்பத்திரியில் கைகால் விளங்காதவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை. கையைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. சங்கிலிக்கான பொத்தானை அழுத்திப் பிடித்தபடி, அதே கையின் மற்ற விரல்களால் விலகி ஓட வேண்டும். மூன்றாவது நொடியில் அவர் விரல்நுனி வெளுத்தது. நாலாவதில் நடுங்கியது. பிறகு விட்டது.

"தசை ஓய்ஞ்சுபோச்சு. அவரா விடல" என்றேன்.

அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை. தோற்ற அணிகளில் நாற்பதுக்கு எழுதி, கைகளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாள். இரண்டு நாள் மாடி அறைத் திரையில் கைகளாக ஓடின. மூட்டு வீங்கிய கை, கட்டுப் போட்ட கை, பத்து விரலும் நன்றாக இருந்தும் வியர்த்து வழுக்கிய கை. முப்பத்தோரு அணியில் யாரோ ஒருவருக்கு அதே நாலாவது நொடி.

வெள்ளிக்கிழமை காலை நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். "காளை யாரையும் கொல்லல, பெரியம்மா. என் பொத்தான் கொன்னிருக்கு!"

அன்றைக்கே மாற்றினாள். ஒரு தட்டு தட்டினால் சங்கிலி கையில். மறு தட்டில் விடுதலை. அழுத்திப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் காளை துள்ளுகிற நேரம் பார்த்து எல்லாரும் விட வேண்டும்; விட்டால் அது தடுமாறி விழும். தவறினால் இழுத்துக்கொண்டு போகும். அதோடு நிற்கவில்லை. மேலாளரை அழைத்து, "உதையைத் திரும்ப நூறுக்கே ஏத்திட்டேன் சார்" என்றாள்.

"ஏம்மா, உங்களுக்கு வேலை அலுத்துப்போச்சா?"

"நாளைக்கு ஆறு மணிக்குக் கேளுங்க சார்."

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஜெயித்த அணிகளின் கணக்கு நூற்றுக்கு ஐந்தாக இறங்கியது. சோம்பலாக வாள் வீசப் போன கெட்டிக்காரர்கள் வரிசையாக உதை வாங்கினார்கள். சிடுக்கு நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள். நான் கையைத் தட்டிவிட்டேன். இரண்டு மணிக்கு ஏழு. நாலு மணிக்கு எட்டரை. ஐந்தேகாலுக்கு ஒன்பதே முக்கால். ஓர் அணி ஜெயித்தால் திரையில் ஒரு பச்சை விளக்கு எரியும்; அவை எரிய எரிய அவள் உட்காரவேயில்லை. நானும் முழங்கால் வலியை மறந்து, அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஐந்து நாற்பதுக்கு மூணுவிரல் அணி நாலாவது வாசலுக்குள் நுழைந்தது. அவர்கள் தங்களுக்குள் பேசுவதை ஸ்பீக்கரில் திறந்துவிட்டாள்.

"பிடிச்சாச்சா?" இது அவர் குரல்.

"ஏழு பிடிச்சாச்சு. உங்களுது?"

"நான் அப்பவே பிடிச்சுட்டேன்டா! கல்லைப் பாரு, கல்லைப் பாரு!"

இங்கே போன் அடித்தது. மேலாளர். "பத்தைத் தாண்டிடுச்சும்மா! பத்தே கால்!"

"இருங்க சார், முக்கியமான வேலையில இருக்கேன்" என்று கட் செய்தாள்.

"துள்ளப்போகுது... விடு! எல்லாரும் விடு!" எட்டுச் சங்கிலியும் ஒரே நேரம் தளர்ந்தன. காளை தன் வேகத்திலேயே சுவரில் போய் மோதிச் சரிந்தது. ஸ்பீக்கர் கிழிகிற சத்தம். நான் என்ன கத்தினேனோ தெரியவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

திரையில் எட்டுச் சிவப்பு மேலங்கி. கூச்சல் அடங்கியதும் மூணுவிரல் அவளை அழைத்தார். குரலில் சந்தோஷம் பாதி, சந்தேகம் பாதி.

"உண்மையைச் சொல்லுங்க மேடம். எனக்காகக் காளையை இளக்கி விட்டீங்களா?"

"உங்க பசங்க யாரையாவது ஒரு உதை வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கண்ணே."

அணியில் ஒருவன் அப்போதே மறுபடி உள்ளே போய் வேண்டுமென்றே நின்றான். ஒரே உதை. பொட்டென்று விழுந்தான்.

"நூறு, மேடம்" என்றார் மூணுவிரல். சிரித்துக்கொண்டிருந்தார். "முழுசா நூறு."