சந்தனப் பொட்டு வைத்த பெட்ரோல் மூடி

பெண் பார்க்கப் போன வீட்டில், வாயெல்லாம் பெட்ரோல் மணக்க "வணக்கமுங்க" என்றவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெருமைப்பட ஏதுமில்லை. நேற்று ஆயுத பூஜை. ஸ்கூட்டருக்குச் சந்தனம் வைத்துக்கொண்டே வந்த என் மனைவி பெட்ரோல் மூடியருகே விரலைக் கொண்டுபோனாள். "அங்கே மட்டும் வேண்டாம்!" என்று நான் போட்ட சத்தத்தில் கிண்ணமே ஆடிப்போயிற்று. சந்தனமும் பெட்ரோலும் சேர்ந்து மணந்தால் எனக்கு என் தாய்மாமனின் கார் ஞாபகம் வந்துவிடும்.

யுத்தத்துக்கு முந்தைய காலம். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் மாமன் வாங்கிய கார் அது. பெட்ரோல் டாங்கி எஞ்சினைவிட உயரத்தில், ஓட்டுகிறவர் மூக்குக்கு நேராக இருக்கும். பெட்ரோல் குழாய் வழியே தானாக இறங்கி வர வேண்டியதுதான். மாமனைப் பொறுத்தவரை அது பெட்ரோல் குடிக்கிற மாடு. மாட்டுப் பொங்கலன்றும் அதற்குப் பொட்டு வைக்காமல் விடமாட்டார்.

எனக்குப் பெண் பார்த்திருந்தது பரமத்தி வேலூரில். நல்ல காரியமாயிற்றே என்று அன்று பெட்ரோல் மூடிக்கும் சந்தனம், குங்குமம். ராகு காலத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். கரூரிலிருந்து வேறொரு பையனும் அன்றே வருவதாகத் தரகர் காதில் போட்டிருந்தார். நாமக்கல்லைத் தாண்டியதும் கார் இருமியது. நின்றது.

மோட்டார் ரிப்பேர் பற்றி நான் ஓர் இங்கிலீஷ் புத்தகம் படித்திருந்தேன். படித்தேன் என்றால், படம் பார்த்தேன். மூடியைத் திறந்தால் டாங்கியில் பெட்ரோல் தளும்பியது. "குழாயில் அடைப்பு" என்று தீர்ப்புச் சொல்லி, குழாயைக் கழற்றி வாய் வைத்து உறிஞ்சினேன். வந்தது. வேண்டிய மட்டும் வந்தது. குழாயை மாட்டி மூடியைப் போட்டதும் கார் கிளம்பிவிட்டது.

"படிச்சவன் படிச்சவந்தான் மாப்ளே!" என்ற மாமன், தெய்வத்தையும் பகைத்துக்கொள்ளாமல் மூடியில் புதிதாக ஒரு பொட்டு வைத்தார். கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. மறுபடி திறந்தோம், உறிஞ்சினேன், கிளம்பியது, பொட்டு வைத்தார். இப்படியே வெற்றிலைக் கொடிக்கால்களையெல்லாம் கடந்து, ராகு காலத்துக்கு ஒரு மூச்சு முன்னால் பெண் வீட்டு வாசலை அடைந்தோம். அங்கே யாரும் நிறுத்தாமல் தானே நின்றது கார்.

நான் வாயைத் திறந்ததும் பெண்ணின் தகப்பனார் ஓரடி பின்வாங்கி, இளநீர் வெட்டச் சொன்னார். ஒன்று குடித்தேன், மணம் போகவில்லை. இன்னொன்று, ஊஹூம். மூன்றாவது இளநீரில் சின்னதாக ஓர் ஓட்டை மட்டும் போட்டிருந்தார்கள். டம்ளரில் கவிழ்த்தால் களக்கென்று கொஞ்சம் விழுந்து நின்றுகொண்டது.

"உள்ள காத்துப் போகோணுமில்லீங்க" என்று அவர் அந்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே இன்னோர் ஓட்டை குத்தினார். கொட்டோ கொட்டென்று கொட்டியது.

காற்று! பெட்ரோல் இறங்க இறங்க டாங்கிக்குள் காற்றுப் போகவென்று மூடியில் ஊசிமுனை ஓட்டை ஒன்று உண்டு. மாமன் பொட்டு பொட்டாக வைத்தது அதன்மேல்தான். மூடியைத் திறந்ததால்தான் கார் ஓடியிருக்கிறது. நான் குடித்ததெல்லாம் வீண்.

அந்த நேரம் பார்த்துப் பெண்ணை அழைத்து வந்தார்கள். நான் எழுந்து, அவளைத் தாண்டி, வாசலுக்கு ஓடினேன்.

"பையனுக்கு வகுத்துல ஏதாச்சும் கோளாறுங்களா?" என்று கேட்டாராம் தகப்பனார்.

"பையனுக்கு ஒண்ணுமில்லீங்க, காருக்குத்தானுங்க" என்றாராம் மாமன்.

ஓர் ஊக்கால் சந்தனத்தைக் குத்தியெடுத்து, கொடிக்கால் வரை ஜம்மென்று ஒரு சுற்று ஓட்டிவிட்டுத் திரும்பினேன். பெண் உள்ளே போயிருந்தாள்.

"பொண்ணைப் புடிச்சிருக்குதா மாப்ளே?"

பார்க்கவேயில்லை என்று எந்த வாயால் சொல்வது? தலையை ஆட்டினேன். கரூர்ப் பையன் அன்று வந்தே சேரவில்லை. அவன் எந்தக் காரில் கிளம்பினானோ!

இன்று அந்தக் கார் இல்லை, மாமன் இல்லை. நடுரோட்டில் வண்டி நின்றால் கூடிநின்று, தலைக்கொரு வைத்தியம் சொல்லி, டாங்கிக்குள் எட்டிப் பார்த்த வழிப்போக்கர்களும் இல்லை. நேற்று இதையெல்லாம் உருக்கமாக எடுத்துச் சொன்னேன். மனைவி சந்தனக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"எங்கய்யன் அன்னைக்கே சொன்னாருங்க. 'பையனுக்கு மூளையெல்லாம் இருக்குது அம்மிணி. ஆனா ஒண்ணு வெளங்கோணும்னா மூணு எளநி வெட்டோணும்'னு."