ஓனர் கையெழுத்து

காவிரிப் பாலத்தின் நடுவில் ஆம்னி வேன் பழுதாகி நின்றபோது வண்டிக்குள் ஏழு வீட்டு மத்தியானச் சாப்பாடு இருந்தது. ஸ்ரீரங்கத்தில் அம்மாமண்டபம் ரோட்டில் வாடகைக்கு இருக்கும் கோதா, தினமும் விடியற்காலையில் எழுந்து தளிகை பண்ணி, பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டுத் தனியாகக் கிடக்கும் வயதானவர்களின் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். உள்ளூரில் பதினாறு வீடு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருச்சி கே.கே. நகரில் ஏழு. ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கிருந்த பிழைப்பு அதுதான். அன்று ஆட்டோ பிடித்து, சாத்துமது என்று அவள் சொல்லும் ரசம் சிந்தாமல் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். மணி ஒன்றரை ஆகிவிட்டதே என்று ஒரு பெரியவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

உறையூரில் மெக்கானிக் பெஞ்சமின் இன்ஜினைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"தண்ணி இல்லாம ஓடியிருக்குங்கம்மா. உள்ள பூரா கீறல். ரெண்டு வழி இருக்கு. இதையே பிரிச்சு, லேத்துல குடுத்து, பிஸ்டன் எல்லாம் புதுசா போட்டா அம்பத்தஞ்சாயிரம் ஆகும். உடைக்கப் போன வண்டியோட இன்ஜின் ஒண்ணு நல்லதா வந்திருக்கு. அதை மாட்டினா இருபத்தெட்டோட முடிஞ்சிடும்."

"ரெண்டாவதே பண்ணிடுங்கோ."

"பண்ணிடலாம். ஆனா இன்ஜின் நம்பர் மாறுதுல்ல, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சொல்லி ஆர்.சி.யில ஏத்தணும். அதுக்கு ஓனர் கையெழுத்து வேணும். ஏத்தாம ஓட்டினீங்கன்னா, நாளைக்கு ஒரு ஆக்சிடென்ட் ஆனா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிடுவான்."

ஆர்.சி.யில் இருந்த பேர் வெங்கட்ராகவன். கோதாவின் அண்ணா, பெங்களூரில் பெரிய உத்தியோகம். அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதற்கென்று அவன் வாங்கிய வண்டி. அழைத்துப்போனது என்னவோ கோதாதான். பேரை மாற்றிக் கொடு என்று அவள் இரண்டு தரம் கேட்டபோதும், "ஆத்து வண்டி, யார் பேர்ல இருந்தா என்ன?" என்று சிரித்து மழுப்பிவிட்டான்.

ஒரு கையெழுத்துதானே, போடாமலா போய்விடுவான் என்று கோதா நினைத்தாள். அப்படி நினைக்க அவளுக்கு நியாயம் இருந்தது. அப்பா போன மூன்றாம் மாதம், கீழச் சித்திரை வீதியில் இருந்த அப்பா வீட்டுக்கு விடுதலைப் பத்திரம் என்று ஒன்றை எழுதிக்கொண்டு வந்து, "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிடீ" என்றான் அண்ணா. ரிஜிஸ்டர் ஆபீஸில் அவன் விரல் வைத்த இடத்திலெல்லாம் அவள் கையெழுத்துப் போட்டாள். தன் பாதியை விட்டுக்கொடுத்தாயிற்று என்பது, அந்த மனையில் ஃபிளாட் எழும்பியபோதுதான் மண்டையில் ஏறியது. பெற்றவர்களுக்கு மலமூத்திரம் எடுத்தவளுக்கு ஒரு அறை கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை வைகுண்ட ஏகாதசிக்கு வந்து போனவனுக்கு முழு வீடு. அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை. நல்ல பெண் என்று வீதியில் பேர் வாங்கியதுதான் மிச்சம்.

போன் பண்ணினாள்.

"எவனோட இன்ஜினையோ என் வண்டில போடறதா?" என்றான் அண்ணா. "திருட்டு இன்ஜினா இருந்தா நான்னா கோர்ட்டுக்கு அலையணும்."

"பில்லோட தரார் அண்ணா. பேப்பரைக் கொரியர்ல அனுப்பறேன். கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பு."

"அதெல்லாம் சரிப்படாது கோதா. படிச்சுப் பார்க்காம, விசாரிக்காம கையெழுத்துப் போடற வழக்கமே எனக்குக் கிடையாது."



"நான் போட்டேனே அண்ணா."

"அது வேற, இது வேற. மீட்டிங் இருக்கு, அப்பறம் பேசறேன்."

பேசவில்லை. பத்து நாள் காத்திருந்தாள். வருகிற காசெல்லாம் ஆட்டோவுக்கே போயிற்று. நேரத்துக்குச் சாப்பாடு வரவில்லை என்று கே.கே. நகரில் இரண்டு வீட்டார் வேறு இடத்தில் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பதினோராவது நாள், அம்மா விட்டுப்போன முக்கால் பவுன் சங்கிலியை விற்றுவிட்டு உறையூருக்குப் போனாள்.

"பழசையே பிரிங்கோ."

"இருபத்தேழாயிரம் கூடங்கம்மா. அண்ணன்கிட்ட இன்னொரு தடவை கேட்டுப் பாருங்களேன்" என்றார் பெஞ்சமின்.

"கேட்டாச்சு."

அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவோம் என்று பயந்து வெளியே வந்து நின்றாள். ஒரு கையெழுத்துக்கு இருபத்தேழாயிரம் தண்டம்.

வண்டி திரும்பி வந்த வாரம் அண்ணாவே கூப்பிட்டான்.

"ஆம்னி ரெடியாயிடுத்தாமே? ரொம்ப நல்லதாப் போச்சு. வெள்ளிக்கிழமை நாங்க எல்லாரும் வரோம். அன்பில், திருவெள்ளறை கோயிலெல்லாம் சேவிக்கணும். நாலு நாள் வண்டி வேணும். உன் சாப்பாட்டுக்கு நீ ஆட்டோ வெச்சுக்கோ."

முடியாது என்று சொல்லலாம்தான். அம்மாவின் சங்கிலியை அந்த இன்ஜினில் போட்டிருக்கிறேன் என்று கத்தலாம். ஆனால் யார் வண்டி என்று அவன் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டால், காட்டுவதற்கு அவளிடம் ஒரு காகிதம் இல்லை.

"எடுத்துக்கோ அண்ணா" என்றாள் கோதா. "உன் வண்டிதானே."

குத்திக்காட்டத்தான் சொன்னாள். அவனுக்கு உறைக்கவே இல்லை.

"ஆமா" என்றான். "டாங்க் ஃபுல் பண்ணி வெச்சுடு."