மூன்று கால் ஸ்டாண்ட்

சிவகங்கைப் பக்கத்து உடையப்பன் சவூதியின் அல் கோபாருக்குக் கார்பெண்டர் விசாவில் வந்தவர். செய்ததெல்லாம் கான்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கிற ஷட்டரிங் வேலை. 2004இல் ஒருநாள் கம்பெனியின் அமெரிக்க இன்ஜினியர், தன் வீட்டு ஸ்டாண்டின் கால் கழன்றுவிட்டதென்று கேம்புக்கே தூக்கிக்கொண்டு வந்தார். கார்பெண்டர் யார் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் உடையப்பன் அதை வாங்கிக்கொண்டார்.

விளக்கு வைக்கிற சின்ன ஸ்டாண்ட். வட்டப் பலகை, கடைந்தெடுத்த ஒற்றைத் தண்டு, அடியில் வளைந்த மூன்று கால்கள். இன்ஜினியரின் பாட்டனுக்குப் பாட்டன் காலத்தது என்று போர்மேன் செய்கு அலாவுதீன் சொன்னார்.

ரூமுக்குக் கொண்டுபோனதும் உடையப்பன் ஆணியை எடுத்தார். கூடத் தங்கியிருந்த யாழ்ப்பாணத்து ஏரம்புதான் தடுத்தார். மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறவர்.

"ஆணி அடியாதேங்கோ, மரம் பிளந்துபோம். இஞ்ச பாருங்கோ, செய்தவன் கால் பூட்ட ஒரு ஆணியும் பாவிக்கேல்லை."

காலின் முனை புறாவின் வாலைப்போல விரிந்திருந்தது. தண்டிலும் அதே வடிவில் பள்ளம். கீழிருந்து மேலே ஏற்றினால் பூட்டிக்கொள்ளும், பக்கவாட்டில் இழுத்தால் வராது. யுத்தத்துக்கு முன் ஏரம்பு மேசை, அலமாரி செய்தவராம். இரண்டு வருஷம் ஒரே ரூமில் இருந்தும் உடையப்பன் அதைக் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை ஏரம்பு சுடுதண்ணீர் விட்டுப் பழைய பசையை இளக்கினார். தேய்ந்த இடத்தில் மெல்லிய மரச்சீவல் ஒட்டினார். வச்சிரப் பசை காய்ச்சிப் பூசி, காலை ஏற்றிக் கயிற்றால் இறுக்கினார். உடையப்பன் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

மறுநாள் இன்ஜினியர் கால் சேருமிடத்தைத் தடவிப் பார்த்து, யார் கைவேலை என்று கேட்டார். ஏரம்பு பக்கத்தில்தான் நின்றார்.

"மை ஒர்க், சார்" என்றார் உடையப்பன்.

அடுத்த வாரமே அவரை வெயிலிலிருந்து எடுத்து ஒர்க்‌ஷாப்பில் போட்டார்கள். மெஸ்ஸில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டாலே உடையப்பன் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். நாலாவது மாதம் போர்மேனிடம் போனார்.

"பாய், அந்த ஸ்டாண்ட நாஞ் செய்யல. ஏரம்புதேன் செஞ்சாரு. இன்ஜினியர்ட்டச் சொல்லிருங்க."

இன்ஜினியர் திட்டவில்லை. ஏரம்பை ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துக்கொண்டு, உடையப்பனைச் சைட்டுக்கு அனுப்பினார். அன்று சாயங்காலம் ஏரம்பு கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

"வேலைக்காக நான் மனம் நோகேல்லை. பக்கத்திலதானே நிண்டனான். என்ர பேரை ஒருக்கா சொல்லியிருக்கலாம்."

அதன்பிறகும் ஏரம்பு பழையபடியே பேசினார், ஊர்க் கடிதங்களைக் காட்டினார். உடையப்பனால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆறு மாதம் கழித்து, தூரத்துக் கேம்பு ஒன்றுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.