கல்யாணமாகாதவளுக்குச் சுரந்த பால்

சலவைக் கடையில் அவளுக்கு 'மடிப்பு' என்றுதான் பெயர். அவள் தேய்த்த சட்டையின் மடிப்பில் விரல் வைத்தால் அறுத்துவிடும் என்று முதலாளி பீற்றிக்கொள்வார். முப்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. சில மாதங்களாக விலக்கும் வரவில்லை. நாள் முழுக்க அனலில் நிற்கிற உடம்புக்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். தலைவலியையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டாள்.

அன்று சட்டை ஒன்றை விரித்தவள், தன் மார்பில் ஈரம் படர்ந்திருப்பதைப் பார்த்தாள். வியர்வை என்று ஒற்றினாள். பிசுபிசுத்தது. கழிப்பறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாள். பால்.

வீட்டில் ரவிக்கையை ஊறவைக்கும்போது அம்மா பிடித்துவிட்டாள்.

"யாருடி அவன்?"

"எவனும் இல்லம்மா. சத்தியமா இல்ல."

"அப்புறம் காத்துலயா பால் வரும்? அப்பா காதுல விழுந்தா உயிரையே விட்டுடுவாரு."

விழுந்துவிட்டது. சிறுநீரகக் கல் வலியில் அடுத்த அறையில் சுருண்டு கிடந்தவர், ஒன்றும் கேட்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

கர்ப்பமா என்று பார்க்கத்தான் அம்மா அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். கர்ப்பம் இல்லை. ரத்தம் எடுத்தார்கள், தலையை ஸ்கேன் செய்தார்கள்.

"மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு சின்ன சுரப்பி இருக்கு. அதுல ஒரு கட்டி. அதுதான் பால் சுரக்க வெச்சிருக்கு" என்றார் டாக்டரம்மா. அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதீங்க, புத்துநோய் இல்ல. மாத்திரையிலயே சுருங்கிடும். ஆனா ரத்தத்துல கால்சியமும் கூடியிருக்கு. வீட்டுல யாருக்காவது அடிக்கடி சிறுநீரகக் கல்லு வருமா? ஆறாத வயித்துப்புண்ணு?"

"கல்லு இவங்கப்பாவுக்கு. புண்ணு அவரு தங்கச்சிக்கு. ரத்த வாந்தி எடுத்தே போயிட்டா." "காரத்தக் குறைக்கலன்னு நான்தான் அவளக் கரிச்சுக் கொட்டினேன்."

மூன்று பேருக்கும், சுரப்பிகளில் கட்டி வளரவைக்கும் ஒரே பரம்பரை வியாதி இருந்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. மரபணுச் சோதனையில் அப்பாவுக்கும் மகளுக்கும் அது உறுதியானது. அப்பாவின் கழுத்தில், கால்சியத்தைக் கூட்டிக் கல்லை உண்டாக்கிய சுரப்பிகளை அறுத்தெடுத்தார்கள்.

"என் ரத்தந்தானாம்மா உன்ன இப்படிப் பண்ணுச்சு?" என்றார் அப்பா, கட்டுப்போட்ட கழுத்தோடு. அவள் அவர் தலையணையைச் சரிசெய்தாள்.

மாத்திரையில் பால் நின்றது, விலக்கு வந்தது, கட்டி பாதியாகச் சுருங்கியது. கால்சியத்தைப் பார்க்க ஆண்டுதோறும் அவள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஒருநாள் பரிமாறிக்கொண்டே அம்மா மெல்லக் கேட்டாள்: "அன்னிக்கு 'யாருடி அவன்'னு நான் கேட்டத மறந்துட்டியா?"

"இல்லம்மா" என்றாள். தட்டை நகர்த்தவில்லை, சாப்பிட்டு முடித்துத்தான் எழுந்தாள்.