பாதி மாத்திரை

மரியரட்ணம் நோர்வூட் தேயிலைத் தோட்டத்துக்காரன்; ஓட்டோ ஓட்டுகிறான். தங்கச்சி பெற்றீசியா படிக்கட்டும் என்று தன் படிப்பைப் பாதியில் விட்டவன். அவள் டீச்சரானதும் ஓட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் அவள் பேச்சுத்தான். மனைவி கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போனபிறகு, மகள் டிலுக்ஷியை விடியற்காலையிலேயே தங்கச்சி வீட்டில் இறக்கிவிட்டுத்தான் ஆள் ஏற்றி ஹயர் ஓட்டப் போவான்.

டிலுக்ஷிக்கு ஓரிடத்தில் உட்கார வராது. கவனக்குறைபாடு என்று கிளினிக்கில் மாத்திரை எழுதினார்கள். வேளாவேளைக்குக் கொடுக்கும் பொறுப்பையும் பெற்றீசியாவே ஏற்றுக்கொண்டாள். ஆனால் பிள்ளையிடம் மாற்றமே இல்லை. போகும்போதெல்லாம் டொக்டர் அளவைக் கூட்டினார்.

டிலுக்ஷியும் எழுதிய ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்த கையோடு பெற்றீசியா மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போனாள். அன்று மரியரட்ணமே, எழுதியிருந்தபடி மாத்திரை கொடுத்தான். மத்தியானத்துக்குள் பிள்ளைக்குக் கை நடுங்கி, நெஞ்சு படபடவென்று அடித்தது. குடித்த தண்ணீரும் தங்கவில்லை. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

"இதே அளவுதானே இவ்வளவு நாளும் கொடுத்தீங்க?" என்று டொக்டர் கேட்டார்.

"ஆமாங்க டொக்டர். எந்தங்கச்சி ஒரு வேளகூட தவற விடமாட்டா."

கட்டிலில் கிடந்த டிலுக்ஷி கண்ணைத் திறந்தாள். "அத்தை எனக்குப் பாதிதான் குடுப்பாங்கப்பா. மிச்சம் நிரோஷனுக்கும் சுலக்ஷனாவுக்கும். ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க."

அந்த இருவரும் பெற்றீசியாவின் வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள். அவர்களுக்கு எந்தக் குறையும் கிடையாது.

ஊர் திரும்பிய பெற்றீசியா எதையும் மறைக்கவில்லை.

"அதப் போட்டுத்தான் ரெண்டு பேரும் முழிச்சிருந்து படிச்சாங்கண்ணே. பாஸானா நம்ம தோட்டத்துக்குத்தானே பேரு? டிலுக்ஷி எப்படியும் பாஸாகப் போறதில்ல. அவளுக்கு முழுசா குடுத்து என்னா ஆகப்போகுது?"

மாத்திரையை எடுத்ததைக்கூட என்றாவது மன்னித்திருப்பான். கூடப்பிறந்தவளே தன் பிள்ளையை உதவாதென்று கழித்துவிட்டாளே என்பதுதான் ஆறவில்லை.

நேரே போய் நிரோஷனின் அப்பாவிடம் சொன்னான். அவரோ இவன்மீதே பாய்ந்தார். "டீச்சர் சத்து மாத்திரைன்னுதான் குடுத்தாங்க. எம்புள்ள நல்லா எழுதியிருக்கான். ஒனக்கு வயித்தெரிச்சலா?"

மரியரட்ணம் ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்தான்.

டொக்டர் அளவைக் குறைத்து எழுதினார். இப்போது மத்தியானத்தில் வரும் ஹயரை விட்டுவிட்டு, பள்ளிக்கூட கேட்டில் நின்று அவனே மாத்திரை கொடுக்கிறான். கணக்குப் பாடம் முடியும்வரை டிலுக்ஷி எழும்பாமல் இருக்கிறாளாம்.

பெற்றீசியா மழையில் நனைந்து எதிரே வந்தாலும் அவன் ஓட்டோவை நிறுத்துவதில்லை.

"அப்பா, அத்தை நடந்து போறாங்க," என்று பின்சீட்டிலிருந்து பிள்ளைதான் சொல்லும்.