வலி மாத்திரையும் பேதி மருந்தும்

என் மனைவிக்கு மார்பில் வந்த கேன்சர் முதுகெலும்புக்குப் போய்விட்டது. இனி ஆபரேஷன் வேண்டாம், வலி இல்லாமல் பார்த்துக்கொள்வோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதற்கென்று ஒரு நர்ஸ் தாராவியில் எங்கள் வீட்டுக்கே வருவாள். செம்பூர்ப் பெண். எங்கள் மகள் வயதுதான் இருக்கும்.

வலிக்கு மாத்திரை தந்தாள். கூடவே ஒரு பாட்டில். வயிறு இளகுவதற்கு என்றாள். அவள் போனதும் என் மனைவி பாட்டிலைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

"பேதி மருந்தாம். நம்ம கல்லியில இதக் குடிச்சிட்டு யாரு லைன்ல நிக்க?"

எனக்கும் சரியாகத்தான் பட்டது. எங்கள் சந்தில் எல்லாருக்கும் ஒரே பொதுக் கக்கூஸ். காலையில் டப்பாவும் கையுமாக வரிசை நிற்கும். அவசரம் என்றாலும் வரிசைதான்.

மாத்திரை நன்றாகக் கேட்டது. தூங்கினாள். என்னைத் திட்டினாள். மீன் வாங்கி வரச் சொன்னாள். கொஞ்ச நாளில் மறுபடியும் தலையணையைக் கடிக்க ஆரம்பித்தாள். நர்ஸ் வந்து கேட்டால், "நல்லாருக்கேம்மா, டீ குடிக்கியா?" என்பாள். வீட்டுக்கு வந்தவர்களிடம் வலிக்கிறது என்று சொல்லிப் பழக்கமில்லை.

ஒரு நாள் கார்கானா வேலைக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாத்திர போட்டியா?"

"நிறுத்திட்டேன்."

"ஏன்?"

"அதப் போட்டா வெளிக்கிப் போவ மாட்டேங்கு. போயி உக்காந்தா ஒடனே கதவத் தட்டுதாளுவ. வலியத் தாங்கிக்கிடலாம், இதத் தாங்க முடியல. அந்தப் பிள்ளைட்ட சொல்லிராதிய."

நர்ஸ் வந்ததும் சொல்லிவிட்டேன். மனைவி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

நர்ஸ் சிரிக்கவில்லை. பாட்டிலைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். மூடி திறக்கவே இல்லை.

"அங்கிள், அந்த மாத்திரை வயித்தைக் கட்டும். எல்லாருக்குமே கட்டும். அதுக்குத்தான் இது. ஓட வைக்காது, இளக்கும், அவ்வளவுதான். ஆன்ட்டி, ரெண்டும் ஜோடி. ஒண்ண விட்டுட்டு ஒண்ண எடுக்கக்கூடாது."

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "தட்டுதாளுவளே, அதுக்கு மருந்து இருக்கா?"

நர்ஸ் என்னைப் பார்த்தாள்.

அன்று ராத்திரியே அந்த மருந்தை மனைவிக்கு ஊற்றிக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து அவளைக் கைத்தாங்கலாகக் கக்கூஸுக்குக் கூட்டிப்போய் உள்ளே விட்டேன். கதவுக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

"அண்ணாச்சி, லேடீஸ் லைன்ல ஒங்களுக்கு என்ன சோலி?"

"அவ உள்ள இருக்கா."

"எம்புட்டு நேரம் ஆவும்?"

"ஆவும்."

"மவராசிக்கு வாட்ச்மேன் போட்டிருக்கு பாருங்கட்டி," என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். யாரும் தட்டவில்லை.

சில நாள் அப்படி நின்றேன். ஒரு காலையில் உள்ளேயிருந்து, "ஏங்க, ஆச்சு!" என்று சத்தம் போட்டாள். வரிசை முழுவதுக்கும் கேட்டது. வெளியே வந்தவள், "எதுக்கு இப்பிடி மொறச்சிக்கிட்டு நிக்கிய? பாவம், பயப்படுதாளுவ," என்றாள். வீட்டுக்கு வந்து மாத்திரையை அவளே எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

மழைக்காலம் முடியும்வரை இருந்தாள். வலி கூடினால் அந்தப் பெண்ணிடம் அவளே சொன்னாள். மாத்திரையைக் கூட்டித் தந்தார்கள். கடைசி வாரம்வரை என் தோளைப் பிடித்து நடந்தே போய் வந்தாள்.