ஔகார வரிசையில் ஒரு தப்பு

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் வேலைக்காகக் கன்னட நாட்டுத் தலைநகருக்கு வந்து, அங்கே ஆஸ்டின் டவுனில் ஒரு மாடி அறையில் தங்கியிருந்தேன். அறைத்தோழி ஹாசன் பக்கத்துக் கன்னடப் பெண். என் அலுவலகத்திலேயே வேலை. மின்னணுக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் பாகம் பாகமாக வாங்கி நாங்களே பூட்டிய கணினி ஒன்று இருந்தது. அதில், யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய இலவச மென்பொருள் ஒன்றை, கடிதம் கட்டுரை அடிப்பதற்காகப் போட்டிருந்தோம்.

அதில் தமிழ் அடித்தால் கொம்பு இடம் மாறி விழும். 'கொடி' என்று அடித்தால் க முன்னால் போய் நிற்கும். கொம்பும் காலும் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். தருமபுரியில் தமிழ் மீடியத்தில் படித்தவளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அந்த மென்பொருளின் நிரலைக் கிளறி, கொம்பை அதன் இடத்தில் உட்கார வைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிரலில் கண்ணில் பட்ட பெயர்களையெல்லாம் மாற்றினேன், இடைவெளிகளைச் சீராக்கினேன், எதற்கென்று புரியாத ஒரு வரியை அழித்தேன். எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாக்கி, ஃபிளாப்பியில் எடுத்துப்போய், பிரவுசிங் சென்டரிலிருந்து அந்த மென்பொருளின் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினேன். "தமிழ் சரியாகிவிட்டது" என்பது மட்டும்தான் விளக்கம்.

நான்காம் நாள் பதில் வந்தது. மென்பொருளைப் பராமரித்து வந்தவர் ஐரோப்பாவில் ஏதோ ஊர்க்காரர். முதலில் நன்றி சொல்லியிருந்தார். பிறகு மூன்று பக்கத்துக்குக் கேள்விகள். தமிழுக்கான திருத்தத்தைத் தனியாக அனுப்ப முடியுமா? இடைவெளி மாற்றங்கள் இதில் ஏன்? அந்த வரியை அழித்தீர்களே, அது எதற்காக எழுதப்பட்டது என்று பழைய குறிப்புகளில் பார்த்தீர்களா?

எனக்குச் சுருக்கென்றது. அச்செடுத்து வந்த தாள்களை அறைத்தோழியிடம் நீட்டினேன்.

"தமிழ்ல ஒரு எழுத்து தெரியாத ஆளு எனக்குச் சொல்லிக் குடுக்கிறாரு, பாரு."

அவள் முழுதும் படித்தாள். "சும்னே, காரணமில்லாம கோபப்படாதே. நீ அனுப்பினதை வரி வரியா படிச்சிருக்காரு. நம்ம ஆபீஸ்ல நீ எழுதுற புரோகிராமை யாரு இப்படிப் படிச்சாங்க?"

யாரும் படித்ததில்லை.

பழைய குறிப்புகளைத் தேடினேன். நான் அழித்த வரி தாய்லாந்து எழுத்துக்காக யாரோ சேர்த்தது. அது இல்லாவிட்டால் அவர்களுடைய மேல்குறிகள் ஒன்றின்மேல் ஒன்று விழும் என்று எழுதியே வைத்திருந்தார்கள். முகம் தெரியாத ஒரு நாட்டுக்காரர்களின் எழுத்தை எவ்வளவு அலட்சியமாக உடைக்கப் பார்த்தேன் என்று உடம்பு கூசியது. வரியைத் திரும்ப வைத்தேன். தமிழுக்கானதை மட்டும் பிரித்து, என்ன தப்பு, ஏன் தப்பு, எப்படிச் சரிசெய்தேன் என்று விளக்கி மறுபடி அனுப்பினேன்.

இந்த முறை பதிலோடு ஒரு படம் வந்தது. திறந்து பார்த்தேன். க முதல் ன வரை குறுக்கே பதினெட்டு வரி, நெடுக்கே பன்னிரண்டு வரிசை. உயிர்மெய் இருநூற்றுப் பதினாறையும், ஒன்று விடாமல், நான் அனுப்பிய திருத்தத்தை வைத்து அவர் கணினியில் வரவழைத்துக் கட்டம் போட்டிருந்தார். கடைசி வரிசையைச் சுற்றிச் சிவப்புக் கோடு.

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது," என்று எழுதியிருந்தார். "பத்தாவது, பதினோராவது வரிசைகளில் ஒரு குறி இடப்பக்கமும் ஒன்று வலப்பக்கமும் நிற்கின்றன. பன்னிரண்டாவதில் இரண்டுமே வலப்பக்கம் இருக்கின்றன. உங்கள் எழுத்து அப்படித்தான் என்றால் என்னை மன்னியுங்கள்."

கௌ, சௌ, மௌ. ஔகாரத்தை நான் மறந்தேபோயிருந்தேன். தினம் அடிக்கும் சொற்களில் அது வரவில்லை, அதனால் பார்க்கவில்லை. 'அ' என்றுகூட வாசிக்கத் தெரியாத ஒருவர், வெறும் கண்ணை மட்டும் நம்பி, என் தாய்மொழியில் என் பிழையைக் கண்டுபிடித்திருக்கிறார். அதைச் சொல்லும்போதும் தான் தவறாக இருக்கலாம் என்கிறார். அந்தப் பிரவுசிங் சென்டரின் தடுப்புப் பலகைகளுக்கு நடுவே, கோயிலில் நிற்பதுபோல் இருந்தது எனக்கு.

திருத்தி அனுப்பினேன். தமிழ் தெரியாமல் எதற்கு இவ்வளவு பாடு என்றும் கேட்டேன்.

"நாளைக்கு நீங்கள் வேறு வேலைக்குப் போய்விடலாம். இந்த நிரல் இங்கேயே இருக்கும். அதைத் திருத்த வருகிறவருக்கும் என்னைப் போலவே தமிழ் தெரியாமல் இருக்கலாம். அவருக்கும் புரிய வேண்டும் அல்லவா?" என்று பதில் வந்தது.

அடுத்த வெளியீட்டில் திருத்தம் சேர்ந்தது. அந்தக் கட்டத்தையும் சோதனைக் கோப்பாகக் கூடவே வைத்தார்கள். மறுமாதம் என் அறைத்தோழி அதே மென்பொருளில், கன்னடத்தில் எழுத்துக்கு அடியில் வரும் ஒத்தக்ஷரங்களைச் சரிசெய்ய உட்கார்ந்தாள். அவளுக்கு எட்டு மாதம் பிடித்தது. ஒவ்வொரு திருத்தத்தையும் அவள் அனுப்பும் முன் நான் வரி வரியாகப் படித்தேன், கன்னடம் தட்டுத்தடுமாறித்தான் வரும் என்றாலும்.